கொடிக்காலுக்குள் போனவள்

வெற்றிலைக்கு வரும் வாடல் நோயைப் பற்றி ஜெஸி வருஷத்துக்கு ஒரு தரம் பாடம் நடத்துவாள். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் வேளாண்மைக் கல்லூரியில் அவளுக்கு வேலை. பயிர்களுக்கு வரும் நோய்கள்தான் அவளுடைய பாடம். மற்ற நோய்கள் என்றால் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, கேள்வி கேட்டு, மணியடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பாள். வாடல் நோய் மட்டும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மண்ணில் இருக்கிற பூஞ்சணம், மழைத் தண்ணீர் தேங்கினால் வேரில் ஏறும், மூன்று நாளில் கொடி தலையைத் தொங்கப்போடும், மூன்று வாரத்தில் தோட்டமே போய்விடும். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சோழவந்தான் பக்கம் கொடிக்கால் பார்க்கப் போகிற நாள் அவளுக்கு வீட்டு விலக்கான நாளாக அமைந்துவிட்டால், முழங்கால் வலி என்று சொல்லி வரப்பிலேயே நின்றுகொள்வாள். கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். அதற்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, குளிக்காமல் போகக் கூடாது, அந்த மூன்று நாளில் பெண்கள் கிட்டவே போகக் கூடாது; போனால் கொடி கருகிவிடும் என்பது ஊர் வழக்கம். கொடி கருகுவது பூஞ்சணத்தால்தான் என்று பக்கம் பக்கமாக எழுதி முனைவர் பட்டம் வாங்கியவள் ஜெஸி. பட்டம் வாங்கி என்ன, கால் வரப்பைத் தாண்டமாட்டேன் என்கிறது. பதினாலு வயதில் நம்பியதை நாற்பது வயதிலும் அவள் நம்பினாள். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டதெல்லாம் வகுப்பறைக்குள் மட்டும்தான்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கனகலட்சுமியிடமிருந்து போன் வந்தது. கனகம் கிறிஸ்துமஸ் அன்று மட்டும்தான் கூப்பிடுவாள். வருஷம் தவறாமல் கூப்பிட்டு, கேக் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஐப்பசியில் கூப்பிடுகிறாள் என்றதும் ஜெஸி சோற்றுக் கையோடேயே போனை எடுத்தாள்.

"ஜெஸி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். என்ன கனகம், யாருக்கும் முடியலயா?"

"அப்பாவுக்குத்தான். வாதம் வந்து படுக்கையில கெடக்காருன்னு ஒனக்குத் தெரியும்ல. போன வாரம் அம்மா வழுக்கி விழுந்து வலது கை முறிஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்டிருக்கு. இப்ப அவருக்கு ஊட்டிவிட ஆள் இல்ல."

நீ இருக்கிறாயே என்று கேட்க ஜெஸிக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

"பக்கத்து வீட்டு பவதாரிணி காலையும் சாயங்காலமும் வந்து ரெண்டு வாய் ஊத்திட்டுப் போகுது. அது பத்துமா? நா கிட்டப் போனா வாய இறுக்கி மூடிக்கிறாரு. நாலு நாளா நாக்கு வறண்டு கெடக்கு. கையில ஊசி குத்தி பாட்டில் ஏத்துனா பிடுங்கி எறிஞ்சிர்றாரு. இனி தண்ணி வாய் வழியா உள்ள போனாத்தான் உண்டு, இல்லன்னா ரெண்டு நாள்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நா என்ன செய்யணும் சொல்லு."

"கொடி செத்தது நோயினாலன்னு நீ வந்து அவருக்குச் சொல்லு. நீ படிச்சவ, அதத்தான் பாடமாவே எடுக்குற. நீ சொன்னா ஒருவேள கேப்பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அத மட்டும் சொல்லு. மத்தது ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.

அந்த மற்றதைப் பற்றி இருபத்தாறு வருஷத்தில் கனகம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஜெஸி டிபன் பாக்ஸை மூடினாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அந்த மற்றது இதுதான்.

ஜெஸியின் அப்பா தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சோழவந்தானுக்கு மாற்றலாகி வந்தபோது கனகத்தின் அப்பா பேயாண்டியின் வீட்டில்தான் வாடகைக்குக் குடியிருந்தார்கள். பேயாண்டிக்கு ஒன்றரை ஏக்கர் கொடிக்கால். ஊரில் அவர் வெற்றிலைக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. மனுஷன் மகளைவிட அந்தக் கொடியைத்தான் அதிகம் கொஞ்சுவார் என்று அவர் சம்சாரம் சோலையம்மாளே சொல்லிக் காட்டுவாள். பொய்யாகத்தான் சொன்னாள். கனகம் என்றால் அவருக்கு உயிர். இலை கிள்ளும்போது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்த பிள்ளை அது.

கனகமும் ஜெஸியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜியோமிட்ரி பாக்ஸ். கனகத்தின் கணக்கை ஜெஸி போடுவாள். ஜெஸிக்கு வருகிற சண்டையை கனகம் போடுவாள். ஜெஸி பயந்த பிள்ளை. யாராவது குரலை உயர்த்தினால் போதும், கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். கனகத்துக்குப் பயம் என்றால் என்ன என்றே தெரியாது. வெயில் நேரத்தில் இரண்டு பேரும் கொடிக்காலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வரிசை வரிசையாக அகத்தி மரம், மரத்தைச் சுற்றிக் கொடி, நடுவில் வாய்க்கால். உள்ளே வெயில் என்பதே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து கொடிக்காலுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்தபோது ஜெஸியின் பச்சைப் பாவாடையில் ரத்தம். அவளுக்கு அதுதான் முதல் தடவை. அவளுக்கு வந்த பயம் உடம்பைப் பற்றியது இல்லை, கொடியைப் பற்றியது. ஐயோ, உள்ளே இருக்கிறேனே என்று நடுங்கிப் போனாள்.

"அழுவாத. ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் கனகம். இரண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம். ஜெஸி தெரு வழியாக, கடைகளைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். கனகம் தோட்டத்துக்குள்ளேயே நின்று, பம்புசெட்டில் அலசிக்கொள்ளலாம். அதனால் கனகம் தன் பாவாடையை அவிழ்த்து ஜெஸிக்குக் கொடுத்துவிட்டு, கறை பட்டதைத் தான் கட்டிக்கொண்டாள். ஜெஸி வளர்த்தி, கனகத்தின் பாவாடை அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்படியே ஓடிப்போய்விட்டாள்.

கனகம் பம்புசெட்டுக்குப் போய்க் குனிந்து அலச ஆரம்பிப்பதற்குள் சோலையம்மாள் வந்துவிட்டாள். மகளின் பாவாடையைப் பார்த்தாள். அப்புறம் யார் பேச்சை யார் கேட்பது? எம் மக ஆளாயிட்டா என்று அவள் போட்ட குலவையில் நாலு தோட்டத்துப் பொம்பளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். இது என் பாவாடை இல்லை என்று சொல்ல கனகத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தது. சொன்னால், யாருடையது, அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்பார்கள். ஜெஸி குடும்பத்தை அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் பேயாண்டி. கனகம் வாயை மூடிக்கொண்டாள். கொடிக்காலுக்குள் போனாயா என்று அம்மா கேட்டதற்கு, இல்லை, வரப்பில்தான் இருந்தேன் என்று சொன்னாள்.

தாய்மாமன் வந்து தென்னங்கீற்றில் குச்சு கட்டினார். புட்டு, உளுந்தங்களி, பட்டுப் புடவை, தட்டுத் தட்டாகச் சீர். ஜெஸி பார்க்கப் போனபோது கனகம் குச்சுக்குள் மனையில் உட்கார்ந்திருந்தாள். அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பச்ச முட்டையும் நல்லெண்ணெயும்தான் குடிக்க முடியல புள்ள. மத்தபடி ராஜ மரியாதை. எனக்கும் ஒருநாள் வரத்தான போகுது? சடங்க முன்னாடியே முடிச்சுட்டாங்கன்னு வச்சுக்குவோம்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு. ஜெஸி தன் சங்கதியை அம்மா இன்னாசியம்மாளிடம் ஒரு மாசம் கழித்துத்தான் சொன்னாள்.

மூன்று வாரத்தில் கொடி வாட ஆரம்பித்தது. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. முதலில் வாய்க்கால் ஓரம், அப்புறம் நடுவில், அப்புறம் எல்லா வரிசையும். பேயாண்டி ராத்திரி பகல் தோட்டத்திலேயே கிடந்தார். கடைசியில் குறி கேட்கப் போனார். தீட்டோடு ஒரு பெண்பிள்ளை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர் நேராக வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். திரும்பி, வாசலில் அப்பா அம்மாவோடு நின்ற ஜெஸியைக் கேட்டார்.

"நீயும் அன்னிக்குக் கூட இருந்தீல்ல. பொய் சொல்லாமச் சொல்லு. கனகம் கொடிக்காலுக்குள்ள போனாளா?"

அவர் கண் சிவந்திருந்தது. தனிஸ்லாஸ் வாத்தியார் மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆமா, போனா" என்றாள் ஜெஸி.

சொன்னது பொய்யும் இல்லை. கனகம் போகத்தான் செய்தாள். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக ஜெஸி இருபத்தாறு வருஷமாகத் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறாள். கனகம் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூட ஜெஸி தேறியிருப்பாள்.

பேயாண்டி மகளை அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கையால் ஒன்றும் வாங்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் கூட. பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். தோட்டம் கைமாறியது. அடுத்த தோட்டக்காரர் மலையாண்டியிடம் கூலிக்கு இலை கிள்ளப் போனார். தனிஸ்லாஸ் வாத்தியாருக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. ஜெஸி படித்தாள், வேலைக்குப் போனாள், ஜெய்சனைக் கட்டிக்கொண்டு கே.கே. நகரில் குடியேறினாள். கனகத்தை வாடிப்பட்டிப் பக்கம் சின்னச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு வருஷம் பிள்ளை இல்லை. கொடியைத் தின்ற வயிறு எப்படிப் பிள்ளை பெறும் என்று ஊர் பேசியது. சின்னச்சாமி இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டான். கனகம் திரும்பி வந்து அப்பா வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

ஜெஸி தன் மகளை வயிற்றில் சுமந்தபோது பத்து மாதமும் பயந்துகொண்டே இருந்தாள். கொடியின் சாபம் தனக்கு வர வேண்டியது, விலாசம் மாறி கனகத்திடம் போய்விட்டது, இன்றில்லாவிட்டாலும் நாளை திரும்பி வரும் என்று நினைத்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவள் சொல்லக்கூடிய பேச்சா இது?

சோழவந்தானில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கனகம் வாசலிலேயே நின்றாள். நரை விழுந்திருந்தது. மற்றபடி அதே கனகம்தான். ஜெஸியின் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டாள், வா என்றாள்.

உள்ளே இரும்புக் கட்டிலில் பேயாண்டி கிடந்தார். இடது பக்கம் விளங்காது. வாய் கோணியிருந்தது; பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வரும். உதடு வெடித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே சோலையம்மாள் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மேல் ஒரு டம்ளரில் கஞ்சி ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. கனகம் அறைக்குள் வரவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"பெரியப்பா, நான் ஜெஸி. தனிஸ்லாஸ் வாத்தியார் மக."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

ஜெஸி வகுப்பில் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னாள். அந்த வருஷத்து மழையைச் சொன்னாள், தேங்கிய தண்ணீரைச் சொன்னாள், மண்ணில் இருக்கிற பூஞ்சணம் வேருக்குள் எப்படி ஏறும் என்பதைச் சொன்னாள். இப்போது அதற்கு மருந்து இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார்.

"மலையாண்டி தோட்டம் பக்கத்துலதான இருக்கு" என்றார். "அதே மழ. அதே வாய்க்கா. அவனுக்கு ஏன் வரல?"

"அவரு தோட்டம் ஒரு அடி மேடு பெரியப்பா. தண்ணி நிக்காது."

"நீ எத்தன கொடிக்கா வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வருஷம் மண்ணில் கிடந்தவரிடம் புத்தகம் பேசினால் எடுபடுமா? எடுபடவில்லை. சோலையம்மாள் ஒரு கரண்டி தண்ணீரை இடது கையால் எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். பழக்கமில்லாத கை, தண்ணீர் அவர் கழுத்தில் கொட்டியது. கனகம் வாசலிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே உதட்டை இறுக்கிக்கொண்டார். கனகம் நின்றுவிட்டாள்.

அந்த உதட்டைப் பார்த்ததும் ஜெஸிக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்குப் பூஞ்சணம் வேண்டியதில்லை. கொடியைக் கொன்றது தீட்டுதான். அது யாருடைய தீட்டு என்பதை மட்டும்தான் இவருக்கு மாற்றிச் சொல்ல முடியும். அவள் கட்டிலின் பக்கத்தில் தரையில் முட்டி போட்டாள்.

"பெரியப்பா, அன்னிக்குத் தீட்டோட உள்ள இருந்தது கனகம் இல்ல. நான்."

"ஜெஸி, வேணாம்" என்றாள் கனகம்.

"நான்தான். எனக்குத்தான் மொதமொத வந்துச்சு. பயந்துட்டேன். எம் பாவாடைய இவ வாங்கிக் கட்டிக்கிட்டு இவ பாவாடைய எனக்குக் குடுத்து அனுப்புனா. நீங்க கேட்டப்ப நான் வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருக்கணும். சொல்லல. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

பேயாண்டி கண்ணைத் திறந்தார். பூஞ்சணத்துக்கு அத்தனை கேள்வி கேட்டவர் இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படியே நம்பினார். ஜெஸியை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் கண் அவளைத் தாண்டி அடுப்படி வாசலுக்குப் போனது. விளங்குகிற வலது கை மெல்ல மேலே எழும்பியது.

ஆனால் முதலில் பேசியது சோலையம்மாள். அவள் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது ஒன் பாவாடையா?"

"ஆமா பெரியம்மா."

சோலையம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீ எப்படி ஆளான?"

கனகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குறேன்ல. நான் குலவ போட்டேன், ஒம் மாமன் குச்சு கட்டுனான். அது ஒனக்கு இல்லன்னா, ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"வரலம்மா."

"எப்ப வரல?"

"எப்பயுமே வரல."

ஜெஸி முட்டி போட்டபடியே இருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மாசாமாசம் மூணு நா கொல்லையில போயி ஒதுங்கிக் கெடந்தியேடி" என்றாள் சோலையம்மாள். குரல் உடைந்துவிட்டது. "தனித் தட்டு, தனிப் பாயின்னு கெடந்தியேடி. கலியாணம் ஆகிப் போன எடத்துலயும் கெடந்தியேடி."

"கெடந்தேன். கெடக்கலன்னா நீ கேப்பேல்ல."

சோலையம்மாள் முறிந்த கையையும் மறந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்று பதினாறு வயதில் தெரிந்திருந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? டாக்டர் வீட்டு வாசலில் போய்க் கிடந்திருப்பாள். ஊர் கூட்டிச் சடங்கு சுற்றிய பிள்ளையை எதற்கு டாக்டரிடம் கூட்டிப் போவது? யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை.

பேயாண்டியின் கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. "தாயி" என்றார். வாய் கோணியதில் அது சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "தண்ணி குடு தாயி."

கனகம் வந்தாள். ஜன்னலில் இருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டு, வேறு சுடவைத்துக் கொண்டுவந்தாள். தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அவர் ஒவ்வொரு வாய்க்கும் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. கனகம் முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் ஒருவரும் ஜெஸியைப் பார்க்கவில்லை.

"வெளக்கு வைக்கிற நேரமாச்சு" என்றாள் சோலையம்மாள், ஜெஸியின் முகத்தைப் பார்க்காமல். "நீ கெளம்புத்தா."

பஸ் ஸ்டாப் வரைக்கும் கனகம் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. தெருவில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இரண்டு பேரும் ஓரமாக நடந்தார்கள். ஜெஸி அன்றைக்கு ஆமா என்று ஒரு தடவை வாயைத் திறந்தாள். இன்றைக்கு நான்தான் என்று ஒரு தடவை திறந்தாள். இரண்டு தடவையும் அடி கனகத்துக்குத்தான் விழுந்தது.

"நீ சொல்ல வேணாம்னு சொன்னது இதுக்குத்தானா?" என்றாள்.

"ஆமா. அம்மா கணக்குப் போட்டுருவான்னு தெரியும்." கனகம் குரலில் வருத்தம்கூட இல்லை. "போகுது விடு. அப்பா குடிச்சாருல்ல."

"டாக்டர்ட்ட போகவே இல்லயா கனகம்?"

"போனோம். கலியாணம் ஆகி நாலு வருசம் கழிச்சு. எத்தன வயசுல வந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மாமியாரும் அவரும் பக்கத்துலயே நிக்கிறாங்க. பதினாலுன்னு சொன்னேன். மாசாமாசம் சரியா வருதான்னாங்க. வருதுன்னு சொன்னேன். அத எழுதிக்கிட்டு ஏதோ மாத்திர குடுத்தாங்க. அது என்னத்தக் கேக்கும்? அப்புறம் இங்க வந்தப்புறம் நானே தனியாப் பெரியாஸ்பத்திரிக்குப் போயி உள்ளதச் சொன்னேன். கர்ப்பப்பையில சின்ன வயசுலயே ஏதோ கிருமி இருந்திருக்காம். ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்துல சரியாக்கியிருக்கலாமேம்மான்னாங்க."

ஜெஸி நின்றுவிட்டாள். கிருமி. அவளுக்குத் தெரிந்த பாடம்தான். ஆரம்பத்திலேயே பார்த்தால் காப்பாற்றலாம், விட்டால் தோட்டமே போய்விடும் என்று அவள் வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம். அவள் அழுதாள். ரோடு என்றும் பார்க்காமல், பதினாலு வயதுப் பிள்ளை போல அழுதாள்.

"அழுவாத" என்றாள் கனகம், அன்றைக்குக் கொடிக்காலுக்குள் சொன்ன மாதிரியே. "நா என்ன நெனச்சேன் தெரியுமா? இல்லாததுக்குச் சடங்கு சுத்திட்டோம்ல, அதான் சாமி வர வேண்டியத நிப்பாட்டிருச்சுன்னு நெனச்சேன். அது நோயின்னே எனக்குத் தோணல. குலசாமி கோயிலுக்குப் போயி போயி மாப்பு கேட்டேன். இருவது வயசு வரைக்கும் வந்துரும் வந்துரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"யார்ட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே கனகம். ஒங்கம்மாட்டயாச்சும்."

"சொன்னா அந்தப் பாவாட யாரோடதுன்னுதான மொதக் கேள்வி வரும்" என்றாள் கனகம்.

வாடிப்பட்டியிலிருந்து மதுரை போகிற பஸ் தூரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. கனகம் பையை ஜெஸியின் கையில் கொடுத்தாள். ஈரமான முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். சற்றுமுன் அப்பா முகத்தைத் துடைத்த அதே முந்தானை. கஞ்சி வாசம் அடித்தது.

"பாப்பாவக் கேட்டேன்னு சொல்லு. எட்டாவது படிக்கிறால்ல? ஆளாயிட்டாளா?"

ஜெஸி தலையை ஆட்டினாள். இரண்டு மாதம் முன்புதான். ஒருவரையும் கூப்பிடாமல் வீட்டோடு முடித்துக்கொண்டார்கள். கனகத்திடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்கவில்லை.

"நீயே கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"மறு மாசமும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்பச் சரி" என்றாள் கனகம். அவள் முகத்தில் அன்றைக்கு முழுக்க இல்லாத ஒரு நிம்மதி தெரிந்தது.

பஸ் நின்றது. ஜெஸி ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது கனகம் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.